எருமைக்கும் ஸ்கேனா?

கேள்வி: ஐயா, திகனயில் அப்பா காலத்திலிருந்து எருமை வளர்க்கிறோம். இப்போது பட்டியில் ஆறு உருப்படி நிற்கிறது. தயிர் போட்டுச் சட்டியோடு கடைகளுக்குக் கொடுக்கிறோம். மூன்றாம் ஈற்று எருமை ஒன்று இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே போகிறது. ஐந்து போத்தல் கறந்தது இரண்டுக்கு வந்துவிட்டது. மேய்ச்சல் முடிந்து பின்னேரம் வரும்போது தாடைக்குக் கீழே பை மாதிரித் தொங்குகிறது. விடியப் பார்த்தால் பாதி வற்றிக் கிடக்கிறது. புழு மருந்து ஒருமுறை பருக்கினோம். சாணத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம், முட்டை ஒன்றும் இல்லை என்றார்கள். ஈரலிலோ பித்தக் குழாயிலோ கோளாறு இருக்கலாம், பேராதனைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நல்லது என்கிறார் மிருக வைத்தியர். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. எருமைக்கு ஸ்கேன் எடுத்து என்ன தெரியப் போகிறது? லொறிக் கூலி வீண்தானே?
— பால் பண்ணையாளர், திகன

பதில்: சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உங்கள் மிருக வைத்தியர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் லொறிக்குச் சொல்ல முன்னர் பட்டியிலேயே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் கிளம்பினால், வீட்டார் சிரித்தது சரியாகிவிடும்.

முதலில் அந்தத் தாடை வீக்கம். பின்னேரம் தொங்குகிறது, விடிய வற்றுகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நன்றி. பாதி நோயை அதிலேயே சொல்லிவிட்டீர்கள். நாள் முழுக்கத் தலை குனிந்து மேயும்போது நீர் இறங்கித் தாடையில் தேங்குகிறது. இரவில் தலையைத் தூக்கிப் படுத்து அசைபோடும்போது வடிகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள். பிசைந்த மாவில் விரல் பதிந்தமாதிரிக் குழி விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் உள்ளே இருப்பது நீர். சூடாக, இறுக்கமாக, அழுத்தும்போது மாடு துள்ளினால் அது கட்டி, வேறு கதை.

நீர் தேங்குவது ஏன்? இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அல்புமின் என்ற புரதம். அதைச் செய்வது ஈரல். ஈரல் கெட்டால் செய்வது குறையும். ஈரலுக்குள் தட்டைப்புழு இருந்தால் செய்ததும் இரத்தத்தோடு பித்தக் குழாய் வழியாகக் குடலுக்குக் கசிந்துபோகும். வரவும் குறைந்து, செலவும் கூடினால் வீடு தாங்குமா?

ஆனால் இதே வீக்கம் இதயத்தாலும் வரும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மாடும் எருமையும் ஆட்டைப்போலப் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்குகின்றன. புல்லோடு கட்டுக்கம்பித் துண்டு, ஆணி எது போனாலும் இரண்டாம் வயிற்றில், அதாவது தேன்கூடு மாதிரி இருக்கும் அந்தப் பையில் போய்த் தங்கும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதற்கும் முன்னால் சில அங்குலத்தில் இதயம். கம்பி நகர்ந்து இதய உறையைக் குத்தினால் உறைக்குள் சீழும் நீரும் கட்டி இதயத்தை நெரிக்கும். ஈரலிலிருந்து போகவேண்டிய இரத்தம் போக வழியில்லாமல் பின்னுக்குத் தேங்கும். ஈரல் வீங்கும், தாடையிலும் நெஞ்சுச் சதையிலும் நீர் கோர்க்கும். வீடு கட்டுகிற இடமெல்லாம் கட்டுக்கம்பித் துண்டு கிடக்கிற காலம் இது. ஒருமுறை வாரக் கணக்கில் ஈரல் டொனிக் ஊற்றிப் பார்த்த ஓர் எருமையை என்னிடம் காட்டினார்கள். ஈரல் வீங்கியிருந்தது உண்மை. ஆனால் விலாவின் இடது பக்கம் ஸ்கேனை வைத்தபோது இதயத்தைச் சுற்றி நான்கு விரல் தடிப்புக்கு நீர். டொனிக் விற்ற பாமசிக்குத்தான் இலாபம்.

ஆகவே இன்று பின்னேரமே எருமையின் கழுத்தைப் பாருங்கள். தலையை நேராக வைத்து நிற்கும்போது தொண்டையின் பக்கவாட்டில் ஓடும் பெரிய நாளம் கயிறுபோலப் புடைத்து நின்றால், முன்னங்கால் முழங்கைகளை வெளியே விரித்து நின்றால், இறக்கத்தில் நடக்கத் தயங்கினால் சந்தேகம் இதயத்தின் பக்கம் போக வேண்டும். கழுத்து நாளம் சாதாரணமாக இருந்தால் ஈரல்தான் முதல் சந்தேகம்.

அடுத்து கண். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மின்குமிழ் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். வெளிறிக் காகிதம்போல் இருந்தால் இரத்தச் சோகை, தட்டைப்புழுவோடு ஒத்துப்போகும். மஞ்சள் பூத்திருந்தால் செங்கமாரி. இதில் எருமை ஒரு விதத்தில் நமக்கு உதவுகிறது. பசு நெய் மஞ்சள், எருமை நெய் வெள்ளை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புல்லில் இருக்கும் மஞ்சட் சத்தை எருமை விற்றமின் ஏ ஆக மாற்றிவிடும், பசு அப்படியே கொஞ்சம் வைத்துக்கொள்ளும். அதனால் நன்றாகப் பச்சை தின்ற ஜேர்சிப் பசுவின் இரத்தத் தெளிவு மஞ்சளாக இருப்பது நோயில்லை. எருமையின் கண்ணிலோ இரத்தத் தெளிவிலோ மஞ்சளைக் கண்டால் தீவனத்தைச் சாட்டிவிட முடியாது. அது பித்தம்தான். அதே எருமைதான் இன்னொரு விதத்தில் மறைக்கவும் செய்கிறது. கறுத்த தோலில் எதுவும் தெரியாது. வெள்ளைப் பசுவாக இருந்தால் ஊரே கண்டுபிடிக்கும் நோய் எருமையில் இரண்டு மாதம் பதுங்கும்.

எங்கே மேய்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1985இல் விக்டோரியா அணை திறந்து பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போன நாளிலிருந்து உங்கள் பக்கத்துக்கு ஒரு புது மேய்ச்சல் நிலம் கிடைத்தது: நீர் வற்றும்போது கரையில் முளைக்கும் பசும்புல். மேட்டு நிலம் காய்ந்து கிடக்கையில் அது ஒன்றுதான் பச்சை. எந்த எருமையும் அங்கேதான் இறங்கும். சேறும் தேங்கிய நீரும் உள்ள இடம் நத்தைக்கும் பிடிக்கும். எருமையோ தண்ணீரில் கிடந்து, தண்ணீரிலேயே சாணம் போட்டு, அதே தண்ணீரோரம் மேயும் பிராணி. சாணத்தில் வரும் முட்டை நீரில் பொரித்து, குஞ்சு நத்தைக்குள் புகுந்து நூற்றுக்கணக்கில் பெருகி, வெளியே வந்து புல் தண்டில் ஊசி முனை அளவு முடிச்சாக ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். வயல் வாய்க்காலிலும் இதே கதைதான். நம் நாட்டு எருமைகளுக்கு வருவது ஃபசியோலா ஜைகாண்டிகா என்ற பெரிய தட்டைப்புழு. மாவிலை நறுக்குமாதிரித் தட்டையாக, வளர்ந்தால் 7 சென்டிமீற்றர் வரைக்கும் வரும்.

‘சாணத்தில் முட்டை இல்லையே’ என்று கேட்பீர்கள். முடிச்சைத் தின்ற நாளிலிருந்து புழு குடலைத் துளைத்து, ஈரலுக்குள் இரண்டு மூன்று மாதம் சுரங்கம் வெட்டித் திரிந்து, பித்தக் குழாயில் குடியேறி முட்டையிட மூன்று நான்கு மாதம் ஆகும். ஈரலைக் குடைந்து நாசமாக்குவது அந்த முட்டையில்லாக் காலத்தில்தான். அதற்குப் பிறகும் முட்டை ஒழுங்காக வருவதில்லை, பித்தப்பை சுருங்கும்போது ஒரு கூட்டம் வரும், பிறகு ஓய்வு. அதோடு, சாணத்தை எந்த முறையில் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். உப்பு நீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறை உருளைப்புழு முட்டைக்கு. தட்டைப்புழு முட்டை கனமானது, அடியில் படியும். நீரில் கரைத்துப் படியவிட்டு அடி மண்டியைத்தான் பார்க்க வேண்டும். பொன் மஞ்சள் நிறத்தில் இருந்தால் ஈரற்புழு முட்டை. அதே வடிவில் நிறமில்லாமல் இருந்தால் வயிற்றுத் தட்டைப்புழு. ‘படியவைத்துப் பார்த்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பருக்கிய மருந்தின் வெற்றுப் போத்தலையும் தேடி எடுங்கள். ஐவர்மெக்டினாக இருந்தால் தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்திருக்காது. அல்பெண்டசோலாக இருந்தால் சாதாரண அளவு போதாது, கூடிய அளவில் கொடுத்தாலும் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், குட்டிகள் தப்பிவிடும். சினை பிடித்த தொடக்கத்தில் அதைக் கொடுப்பதும் கூடாது. குட்டிப் புழுவையும் சேர்த்துக் கொல்வது ட்ரைகிளபெண்டசோல். அளவு எருமையின் நிறையைப் பொறுத்தது. நிறையைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள், நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து வைத்தியரிடம் கொடுங்கள். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கேட்டு, அத்தனை நாளும் அந்த எருமையின் பாலைத் தயிர்ப் பானைக்குள் ஊற்றாமல் இருங்கள். ஆறு எருமைப் பால் ஒரே பானையில் சேரும் வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

இனி ஸ்கேன். உங்கள் வீட்டில் யாராவது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பார்த்திருப்பீர்களே, அதே பொருள்தான். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே கிடையாது. சினை எருமைக்கும் கன்றுக்கும் ஒரு தீங்கும் இல்லை. மயக்க மருந்தும் வேண்டாம். எருமையைத் தடுப்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, வலப்பக்க விலாவைக் கழுவுவார்கள். இடப்பக்கம் முழுக்கப் பெருவயிறு அடைத்துக்கொண்டிருப்பதால் ஈரல் வலப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. வளர்ந்த எருமைக்கு மயிர் குறைவு, சவரம் பெரிய வேலையில்லை. காய்ந்த சேறுதான் பிரச்சினை. தோலின் வெடிப்புக்குள் ஒட்டியிருக்கும் சேறும் அதற்குள் அகப்பட்ட காற்றும் ஒலியை உள்ளே விடாது. தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட் தடவி, அதன்மேல் ஜெல் பூசி, விலா எலும்புக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் கருவியை வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக இழுப்பார்கள். மாட்டினத்துக்கு விலா 13 சோடி. கடைசி இடைவெளியில் தொடங்கி முன்னுக்கு வந்துகொண்டே இருக்க, நுரையீரல் குறுக்கே விழுந்து மறைக்கும் வரைக்கும் பார்க்கலாம். எருமைத் தோல் தடித்தது, அதனால் 3.5 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஆழமாகப் போகும் வளைமுகக் கருவி நல்லது.

நல்ல ஈரல் திரையில் எப்படித் தெரியும்? சலித்த மணலைப் பரப்பிய மாதிரி ஒரே சீரான சாம்பல் நிறம். அதற்குள் கறுப்பு ஓடைகளாக இரத்த நாளங்கள். குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாளத்துக்கு வெள்ளைக் கரை இருக்கும். ஈரலிலிருந்து இதயத்துக்குப் போகும் நாளத்துக்குக் கரை இருக்காது. பார்க்கப் பழகியவர் இதை வைத்தே எந்த நாளம் எது என்று சொல்லிவிடுவார். பத்தாம் விலா இடைவெளியை ஒட்டிப் பித்தப்பை கறுத்த பேரிக்காய் வடிவில் தொங்கும். ஈரலுக்குள் ஓடும் பித்தக் குழாய்கள் தெரியவே கூடாது. அவை அவ்வளவு மெல்லியவை.

தெரியக் கூடாத அந்தக் குழாய் தெரிவதுதான் முதல் தடயம். பித்தம் வடிய வழியில்லாமல் அடைபட்டால் குழாய் விரிந்து, பக்கத்தில் ஓடும் இரத்த நாளத்தோடு சேர்ந்து இரட்டைக்குழல் துப்பாக்கிமாதிரி இரண்டு கறுப்புக் கோடாகத் தெரியும். தட்டைப்புழு நாட்பட்டுக் குடியிருந்தால் குழாயின் சுவர் தடித்து வெள்ளையாகும், சில வேளை சுண்ணாம்பு படிந்து அதன் பின்னால் ஒரு கறுப்பு நிழல் விழும். அப்படிப்பட்ட ஈரலை இறைச்சிக் கடையில் வெட்டினால் கத்தி ‘கறுக் கறுக்’ என்று மணலில் இழுபடுவதுபோல் சத்தமிடும். பசுக்களில் இது அதிகம். எருமையில் குழாய் தடிக்கும், ஆனால் அவ்வளவு சுண்ணாம்பு பிடிப்பதில்லை. சீழ்க் கட்டி தடித்த உறையோடு, உள்ளே கலங்கலாகத் தெரியும். இதயத்தால் வந்த ஈரல் வீக்கமாக இருந்தால் கறுப்பு ஓடைகள் எல்லாம் ஆறாகப் பெருத்திருக்கும். வழக்கமாக முக்கோணமாகத் தெரியும் பெருஞ்சிரை உருண்டுவிடும். 1990இல் சூரிச்சில் உவேலி பிரவுன் பசுக்களின் ஈரலை விலா விலாவாக அளந்து எழுதியதுதான் இந்தத் துறைக்கு அடித்தளம். எருமையில் எகிப்தியரும் பஞ்சாப் வைத்தியர்களும் நிறையச் செய்திருக்கிறார்கள். எருமையை நம்பி வாழும் ஊர்கள் அவை.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். பித்தப்பை பெரிதாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே பயந்துவிடாதீர்கள். இரண்டு நாள் தீனெடுக்காத எந்த எருமைக்கும் பித்தப்பை பெருக்கும். குடலுக்கு உணவு வராதபோது பித்தம் வெளியேற வேலையில்லை, அப்படியே தேங்கிநிற்கும். பையோடு குழாயும் விரிந்திருந்தால்தான் அடைப்பு என்று யோசிக்க வேண்டும். கந்தபான என்ற வேலிச் செடியைத் தின்ற மாட்டிலும் பித்தப்பை ஊதிப்போயிருக்கும். ஆனால் அது சில நாளில் வெளிப்படும் நோய்: தீனெடுக்காது, சாணம் இறுகும், வெயிலுக்கு அஞ்சி நிழலில் ஒதுங்கும், மூக்குத் தோல் வெடிக்கும். இரண்டு மாதம் மெலிவது கந்தபான வேலையாகத் தெரியவில்லை. உங்கள் வேலியோரத்தில் அது மண்டிக் கிடந்தால் வறட்சிக் காலத்துக்கு முன்னர் வெட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஸ்கேனில் பித்தக் கல் தெரிந்தால்? வெள்ளைப் புள்ளி, பின்னால் நிழல். அதுதான் நம் பாட்டிமார் குழந்தைக்கு உரைத்துக் கொடுத்த கோரோசனை. மாட்டின் பித்தப்பையில் கல்லாக உறைந்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கிறார்கள். கல் கண்டதற்காக எருமையை விலை பேசிவிடாதீர்கள், அபூர்வமாகத்தான் அகப்படும்.

ஸ்கேன் சொல்லாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கைந்து கிலோ ஈரலில் வெளியிலிருந்து அகப்படுவது ஒரு பகுதி மட்டும். நுரையீரல் மறைக்கும் பக்கத்தில் கட்டி இருந்தால் தப்பிவிடும். தட்டைப்புழு பெரும்பாலும் முதலில் கெடுப்பது ஈரலின் இடது பாகத்தை. அது கருவிக்கு எட்டுவது அரிது. புழு சுரங்கம் வெட்டும் முதல் இரண்டு மாதத்தில் படம் ஏறக்குறைய நன்றாகவே இருக்கலாம். ஆகவே ‘ஸ்கேன் சுத்தம்’ என்றால் ஈரல் சுத்தம் என்று அர்த்தமில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது இரத்தப் பரிசோதனை. ஜி.ஜி.டி. என்ற நொதி கூடியிருந்தால் பித்தக் குழாய் புண்பட்டிருக்கிறது என்று பொருள், அல்புமின் குறைவும் அதிலேயே தெரிந்துவிடும். தேவையானால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே நீண்ட ஊசியால் பித்தப்பையிலிருந்து கொஞ்சம் பித்தம் எடுப்பார்கள். சாணத்தில் காணாத முட்டை பித்தத்தில் கொத்தாகக் கிடக்கும். கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, பட்டியில் வைத்துச் செய்யச் சொல்லாதீர்கள்.

பிறகு எதற்கு ஸ்கேன்? என் கணக்கு இப்படி. தட்டைப்புழு என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஸ்கேன் இல்லாமலே மருந்து கொடுக்கலாம். ஆனால் உங்கள் எருமை ஒருமுறை மருந்து குடித்தும் தேறவில்லை, சாணம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நிலையில் ஸ்கேன் தரும் பெரிய பயன், எந்த எருமைக்கு இனிச் செலவழிக்கக் கூடாது என்று சொல்வதுதான். கம்பி குத்திய இதயம், ஈரல் முழுக்கச் சீழ்க் கட்டி என்றால் மேலே மருந்தில் கொட்டும் பணம் திரும்பி வராது. குழாய் தடித்திருக்கிறது, மற்றது நல்லாயிருக்கிறது என்றால் சரியான மருந்தும் நல்ல தீனும் கொடுத்து அடுத்த ஈற்றுவரை காத்திருக்கலாம். மூன்றாம் ஈற்று எருமை, இன்னும் பல ஈற்று கறக்க வேண்டியது. லொறிக் கூலியை அதோடு வைத்துப் பாருங்கள்.

போவதற்கு முன்னர், சினை பார்க்கும் ஸ்கேன் உங்கள் வைத்தியர் அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஆழமாகப் போகாது, ஏழெட்டு அங்குலத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் விலா இடைவெளியில் வைத்தால் ஈரலின் மேல் விளிம்பைக் காட்டும், தடித்த குழாய் அதில் அகப்பட்டாலும் அகப்படும். இல்லாவிட்டால் பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். உங்கள் வைத்தியரைக் கொண்டே பேசி நாள் எடுங்கள். அங்கிருந்து கருவியோடு வருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். எருமையை லொறியில் ஏற்ற அனுமதிப் பத்திரம் வேண்டும், அதையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். கண்டி நெரிசலில் வெயிலேறிய பிறகு அகப்படாதீர்கள். எருமைக்கு வேர்வைச் சுரப்பி குறைவு, நோயாளி எருமை நிற்கும் லொறியில் வெந்துவிடும். விடியப் புறப்படுங்கள், வைக்கோல் பரப்பி, ஒரு கலன் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்து ஊற்றும் பழக்கம் உங்கள் பக்கத்தில் உண்டு. இலையைத் தீனோடு கொடுத்தால் குற்றமில்லை. மெலிந்து நிற்கும் எருமையின் வாயைப் பிடித்துப் போத்தலால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நாம் பார்க்கவேண்டிய நோய் இரண்டாகிவிடும்.

கேள்வி: அதே பட்டியில் மூன்று கிழமைக் கன்றொன்று வெள்ளைக் களிமண் மாதிரிக் கழிகிறது. நாற்றம் தாங்க முடியவில்லை. தாயிடமிருந்து ஈரல் நோய் தொற்றியிருக்குமா? கன்றையும் ஸ்கேன் பண்ண வேண்டுமா?

பதில்: வேண்டாம். தாயிடமிருந்து வந்தது உண்மை, ஆனால் ஈரல் நோய் வரவில்லை. இது கன்றுக் குடற்புழு. தாயின் உடம்பில் உறங்கிக் கிடக்கும் குஞ்சுகள் கன்று ஈன்ற முதல் நாட்களில் சீம்பாலோடும் பாலோடும் கன்றுக்குப் போய்விடும். எருமைக் கன்றுகளைக் கொல்வதில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். மூன்று கிழமைக்குள் குடலில் ஓர் அடி நீளப் புழு வளர்ந்துவிடும். கூட்டம் கூடினால் சில பித்தக் குழாய்க்குள் ஏறுவதும் உண்டு, களிமண் நிறம் பார்த்ததும் ஈரல் என்று நினைப்பதற்கு அது ஒரு காரணம். இலங்கையில் எருமைக் கன்றுகளில் நடந்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி எளிது: பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் பைரன்டெல் ஒருமுறை கொடுத்தால் புழு முட்டையிடுவதற்கு முன்பே போய்விடும், பட்டி நிலமும் அழுக்காகாது. உங்கள் கன்றுக்கு அந்த நாள் கடந்துவிட்டது, இன்றே கொடுங்கள். கழிச்சல் உள்ளதால் உப்புச் சீனிக் கரைசலும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த கன்று பிறந்ததும் கலண்டரில் பத்தாம் நாளை வட்டமிட்டு வையுங்கள்.

கேள்வி: புழு உள்ள ஈரலைத் தின்றால் மனிதருக்கு வருமா? வரப்பில் பறிக்கும் வல்லாரையாலும் வரும் என்கிறார்களே?

பதில்: ஈரலை வேகவைத்துத் தின்பதால் வராது. தொற்றுவது வளர்ந்த புழுவால் அல்ல, நீர்ச் செடியில் ஒட்டியிருக்கும் முடிச்சால். பார்க்க அருவருப்பான ஈரலை யாரும் தின்னப் போவதுமில்லை, அதை நாய்க்குப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

வல்லாரைக் கதை உண்மை. பொலிவியாவின் மேட்டு நிலத்திலும் எகிப்தின் நைல் கழிமுகத்திலும் மனிதருக்கு ஈரற்புழு கூடுதலாக வருகிறது, நீரோரச் செடிகளைப் பச்சையாகத் தின்பது அதற்கு முக்கிய வழி. கங்குன் என்றால் நாம் வதக்கித்தான் தின்கிறோம், பயமில்லை. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். தேசிக்காய்ப் புளியோ உப்போ முடிச்சைக் கொல்லும் என்று நம்பிவிட முடியாது, கழுவினாலும் எல்லாம் போகாது. எருமை இறங்கும் வாய்க்காலோரத்தில் பறித்ததை வறையாக்கித் தின்னுங்கள். சம்பலுக்கு வீட்டுக் கோடியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை எடுங்கள்.

எருமைக்கும் இதே கணக்குத்தான். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நெற்தண்டை வெட்டிப் பார்த்தபோது முடிச்சுகள் அடித் தண்டில்தான் இருந்தன. ஈர வயலில் அறுத்த பச்சை வைக்கோலை அன்றே போடாமல் சில நாள் நல்ல வெயிலில் உலர்த்திப் போடுங்கள், காய்ந்தால் முடிச்சு செத்துவிடும். பட்டியில் கழுவும் சாணத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடுகிறதென்றால் ஒரு குழி வெட்டி அதற்குள் திருப்பிவிடுங்கள்.